சிவப்பு பனாரசிக்கு எந்த ஒப்பனை பொருந்தும்? வங்க மணப்பெண் அலங்காரம் சொல்லும் கணக்கு

கொல்கத்தா: வங்காளத் திருமணங்களில் மணமகள் மணவறைக்கு வரும்போது அவரது முகம் இரண்டு வெற்றிலைகளால் மறைக்கப்பட்டிருக்கும். மரப்பலகையில் அமர்ந்திருக்கும் அவரைச் சகோதரர்கள் தூக்கி வந்து, மணமகனை ஏழு முறை சுற்றுவார்கள். அதன் பிறகே வெற்றிலை விலகும். 'சுப திருஷ்டி' எனப்படும் அந்த முதல் பார்வைக்காகவே மணமகளுக்குப் பல மணி நேரம் ஒப்பனை செய்யப்படுகிறது.

ஆனால், முகம் ஒரு நிறமாகவும் கழுத்தும் கைகளும் வேறு நிறமாகவும் தெரியும் திருமணப் படங்கள் அரிதல்ல. ஒப்பனைப் பொருளின் விலை குறைவு என்பது இதற்குக் காரணமாக இருப்பதில்லை. உடை, தோல், ஒளி, சடங்கு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்காமல் ஒப்பனையைத் தேர்ந்தெடுப்பதே காரணமாகிறது.

புடவையே முதல் அளவுகோல்

வங்க மணமகளின் மரபான உடை, பொன்னிறச் சரிகை நெய்த சிவப்பு பனாரசிப் பட்டு. வாரணாசியில் நெய்யப்படும் இந்தப் பட்டுக்கு 2009-ம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட், கரியாஹாட் கடைத்தெருக்களில் திருமணப் புடவை வாங்குவோர் முதலில் கேட்பதும் இதையே.

சிவப்பு என்பது ஒரே நிறம் அல்ல. நீலச் சாயல் கொண்ட அடர் சிவப்பும் உண்டு. ஆரஞ்சுச் சாயல் கொண்ட குங்குமச் சிவப்பும் உண்டு. உதட்டுச்சாயம் புடவையின் சாயலைச் சேர்ந்ததாக இருந்தால் இரண்டும் இயைந்து தோன்றும். மாறினால் ஒன்று மற்றொன்றை மங்கலாக்கும். எனவே, புடவையின் ஓரத் துண்டு அல்லது ரவிக்கைத் துணியை எடுத்துச் சென்று, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

வரவேற்பு நாளில் அணியும் பல வண்ண லெஹங்காவுக்கும், உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக வரும் காஞ்சிபுரம் பட்டுக்கும் விதி சற்று மாறும். உடையில் உள்ள எல்லா நிறங்களையும் முகத்தில் கொண்டுவர முயலக் கூடாது. அதிகப் பரப்பில் உள்ள நிறத்தை உடைக்கே விட்டுவிட்டு, கரையிலோ வேலைப்பாட்டிலோ சிறிதளவே வரும் ஒரு நிறத்தைக் கண்ணிமைக்கு எடுத்துக்கொள்ளலாம். கண்ணில் அடர்த்தி கூடினால் உதட்டில் குறைய வேண்டும்; உதட்டில் கூடினால் கண்ணில் குறைய வேண்டும். சிவப்புப் புடவையும் சிவப்பு உதடும் ஏற்கெனவே இருக்கும் வங்க மணமகளுக்குக் கண்ணில் மையும், இமையில் மெல்லிய பொன்னிறமும் போதுமானவை.

மஞ்சள் நீராட்டும் மாலை வெளிச்சமும்

வங்காளத்தில் 'காயே ஹொலுத்' எனப்படும் மஞ்சள் பூசும் சடங்கு பெரும்பாலும் திருமண நாளின் காலையிலேயே நடைபெறுகிறது. அன்று மாலை ஒப்பனைக்கு அமரும் மணமகளின் தோல் வழக்கத்தைவிட மஞ்சளாக இருக்கும். சில வாரங்களுக்கு முன் தேர்ந்தெடுத்த ஃபவுண்டேஷன் அன்று பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே, சோப்புப் போட்டுத் தேய்ப்பதைவிட, சிறிது எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மென்மையாகக் கழுவுவது பலன் தரும்.

திருமணம் முடியும்வரை மணமகள் நோன்பிருப்பதும் அங்குள்ள மரபு. நாள் முழுவதும் உண்ணாமல் இருப்பதால் உதடும் தோலும் வறண்டுவிடும். ஈரப்பதம் தரும் களிம்பைப் பூசி, அது உள்ளிறங்கச் சில நிமிடங்கள் விட்ட பிறகே ஒப்பனையைத் தொடங்க வேண்டும்.

தமிழகத்தில் பல முகூர்த்தங்கள் காலை வெயிலில் அமைகின்றன. வங்காளத்திலோ லக்னம் பெரும்பாலும் மாலையில் அல்லது இரவில் வருகிறது. மஞ்சள் விளக்கொளியில் சரியாகத் தோன்றும் ஒப்பனை, கேமராவின் வெண்ணிறப் பளிச்சொளியில் வேறாகத் தெரியும். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகியவை மிகுந்த பூச்சுகள் அந்த ஒளியைத் திருப்பி அனுப்புவதால் படத்தில் முகம் வெளுத்துத் தெரியலாம். பூச்சு முடிந்ததும் பளிச்சொளியுடன் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்.

சந்தனக் கோலமும் நெட்டி மகுடமும்

புருவங்களுக்கு மேல் வளைந்து செல்லும் சந்தனப் புள்ளிகளே வங்க மணமகளின் தனி அடையாளம். மாங்காய் வடிவில் வரையப்படும் 'கொல்கா' இதில் புகழ்பெற்றது. மரபாக, கிராம்பின் நுனியைச் சந்தனக் குழம்பில் தோய்த்து இந்தப் புள்ளிகளை வைப்பார்கள். எண்ணெய்ப் பசையுள்ள பூச்சின் மேல் குழம்பு நிற்காது என்பதால், நெற்றியில் முதலில் பவுடர் இட்டு உலரவைக்க வேண்டும்.

தலையில் சூடும் வெண்ணிற மகுடம், சதுப்பு நிலங்களில் வளரும் செடியின் தண்டுச் சோற்றால் செய்யப்படுவது. வங்காளத்தில் 'ஷோலா' எனப்படும் இதுவே தமிழில் நெட்டி. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடுகளுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகுடம் நெற்றியின் மேற்பகுதியில் படிவதால், அதை ஒருமுறை வைத்துப் பார்த்த பிறகே சந்தனக் கோலத்தின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

வெண்மை அல்ல, பொருத்தமே அழகு

ஒப்பனையில் அதிகம் நடக்கும் தவறு, தோலைவிட இரண்டு மூன்று படி வெளுத்த ஃபவுண்டேஷனைத் தேர்ந்தெடுப்பது. அதைப் புறங்கையில் சோதிப்பது பயன் தராது. தாடை ஓரத்தில் மூன்று கோடுகள் இட்டு, சுமார் 20 நிமிடங்கள் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும்போது, கழுத்துடன் கலந்து மறைந்துவிடும் கோடே சரியான நிறம். காற்றுப் பட்டதும் சில பூச்சுகள் கருமை அடைவதால் இந்த இடைவெளி தேவைப்படுகிறது. மாநிற, கருநிறத் தோலில் சிவப்பும் பொன்னும் மிகத் தெளிவாக எடுபடும். அதை வெளுக்கச் செய்தால் சாம்பல் பூத்த தோற்றமே மிஞ்சும்.

திருமணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே சிவப்பழகு களிம்புகளைத் தொடங்கும் வழக்கம் இதைவிட ஆபத்தானது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த இத்தகைய களிம்புகளைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரக பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் 2023-ல் வெளிப்படுத்தினர். இந்தியாவின் அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 2020-ன்படி, கண் பகுதிக்கானவை தவிர்த்த மற்றப் பொருள்களில் தற்செயலாகச் சேரும் பாதரசம்கூட 10 லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் ஆகியவை இல்லாத களிம்பை வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. மருத்துவர் பரிந்துரையின்றி ஸ்டீராய்டு களிம்புகளைப் பூசுவதும் தோலை மெலியச் செய்து, பருக்களையும் நிரந்தரச் சிவப்பையும் உண்டாக்கக்கூடும்.

குங்குமத்தில் கவனம்

சடங்கின் உச்சமான 'சிந்தூர் தான்' நிகழ்வில் மணமகன் வகிட்டில் இடும் குங்குமம் மூக்கின் மேல் உதிர்ந்தால் நல்ல சகுனம் என்பது நம்பிக்கை. உதிரும் பொடி ஈரப் பூச்சில் பட்டால் திட்டாக ஒட்டிக்கொள்ளும். மூக்கில் பவுடர் இட்டிருந்தால் தூரிகையால் தட்டிவிடலாம்.

பொடியின் தரம் அதைவிட முக்கியம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நியூ ஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூர் மாதிரிகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 80 சதவீத மாதிரிகளில் ஈயம் இருப்பது தெரியவந்தது. ஈயம் உடலில் சேர்வது கருவில் உள்ள குழந்தைக்கும் சிறுவர்களுக்கும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. மேலும், சிந்தூர் திருமண நாளோடு முடிவதில்லை. பல பெண்கள் அதன் பிறகு தினமும் வகிட்டில் இடுகிறார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் குங்குமம் இதற்குப் பாதுகாப்பான மாற்றாகும்.

ஒத்திகை எப்போது?

திருமணத்துக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன், மாலை நேரத்தில், அதே நிறப் புடவையும் நகைகளும் அணிந்து ஒப்பனை ஒத்திகை பார்ப்பது சிறந்தது. புதிய பொருள் எதையும் காதின் பின்புறம் அல்லது முழங்கையின் உட்புறம் பூசி, 48 மணி நேரம் வரை அரிப்போ சிவப்போ தோன்றுகிறதா எனக் கவனிக்க வேண்டும். வங்காளத்திலும் மார்கழியில் திருமணங்கள் நடைபெறுவதில்லை. எனவே, தை, மாசி மாதங்களில் மணமேடை ஏறவிருக்கும் பெண்களுக்கு அந்த ஒரு மாத இடைவெளியே ஒத்திகைக்கு ஏற்ற காலமாக அமையும்.