கடன் பாக்கியும் மூன்று வருடக் கெடுவும்

மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குக் கடன் கொடுக்காமல் வியாபாரம் இல்லை. லாட்ஜும் ஓட்டலும் அரிசி, பருப்பு, எண்ணெய் எடுப்பார்கள்; டிசம்பர், ஜனவரி கூட்டம் முடிந்ததும் கணக்குத் தீர்ப்பதாகச் சொல்வார்கள். கூட்டம் குறைந்தால் நம் பாக்கி நின்றுவிடும். செங்கற்பட்டு மொத்தக் கடைக்கு நாம் கட்டவேண்டிய தவணை மட்டும் நிற்காது.

ஒரு விடுதிக்காரரிடம் எனக்கு 48,000 ரூபாய் நின்றது. மாதாமாதம் போவேன். டீ வரவழைப்பார், "அடுத்த சீசன்ல முடிச்சிடலாம் அண்ணாச்சி" என்பார். எப்போதாவது ஐநூறோ ஆயிரமோ ரொக்கமாகக் கொடுப்பார். நானே நோட்டில் வரவு வைத்துக்கொள்வேன். நான்காம் வருடம் வக்கீலிடம் நோட்டைக் கொடுத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "இதில் அவர் கையெழுத்து எங்கே?"

1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி, தவணை பேசாமல் கடனாகக் கொடுத்த சரக்குக்குச் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். தவணை பேசியிருந்தால், அது முடிந்த நாளிலிருந்து 3 வருடம். இது பில்லுக்குப் பில் தனித்தனியாக ஓடும் கெடு. மொத்தப் பாக்கிக்கும் கடைசி பில்லின் தேதிதான் கணக்கு என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கெடுவைப் புதுப்பிக்க வழி உண்டு. கெடு முடியுமுன், "இன்ன தேதி வரை இவ்வளவு பாக்கி" என்று எழுதி அவர் கையொப்பமிட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் (பிரிவு 18). பாதிப் பணம் கொடுத்தாலும் கெடு புதிதாகும். ஆனால் கொடுத்ததற்கு அவர் கையெழுத்திலோ அவர் ஒப்பமிட்டோ எழுத்து வேண்டும் (பிரிவு 19). நம் கையால் எழுதிய வரவு போதாது. வெறும் பேரேட்டை மட்டும் வைத்து ஒருவர்மேல் கடனை நிலைநாட்ட முடியாது என்பது 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் அதுவே. ஆகவே சரக்கை இறக்கும்போதே பில் நகலில் ஒப்பம் வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது பாக்கிக் கணக்கில் ஒப்பம் வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

செக் வாங்கியிருந்தால் நாள் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். பணமின்றித் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும்; கிடைத்த 15 நாளில் அவர் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் புகார்.

சிறுதொழில் சட்டத்தின் 45 நாள் விதியைப் பற்றி அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். பதிவு செய்துகொண்ட சிறு உற்பத்தியாளருக்கும், விளம்பரம் எழுதித் தருபவர், கணினி வேலை செய்பவர் போன்ற சேவைக்காரருக்கும் அது நல்ல ஆயுதம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். வாங்கி விற்கும் நமக்கு அது இல்லை. 2021 ஜூலையில் வியாபாரிகளையும் பதிவில் சேர்த்த ஆணை, வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே என்று வரையறுத்துவிட்டது. இது நியாயமாகப் படவில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

சிறு தொகைக்குக் கோர்ட் ஏறுமுன் செங்கற்பட்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பார்க்கலாம். அங்கே முடிவானது கோர்ட் டிக்ரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது.

என் கணக்குக்கு வருகிறேன். விடுதிக்காரர் கொடுத்த ரொக்கம் எந்த பில்லுக்கு என்று அவர் சொன்னதில்லை. அப்படியானால் எதில் வரவு வைப்பது என்பது நம் விருப்பம். கெடு தாண்டிய பில்லிலும் வைக்கலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டம். நான் தெரியாமலே எல்லாவற்றையும் மிகப் பழைய பில்களில் வைத்திருந்தேன். அதனால் கெடுவுக்குள் இருந்த 17,000 முழுதாக நின்றது. அந்த பில் நகல்களில் மட்டும் அவருடைய சமையல்காரர் ஒப்பம் இருந்தது. வக்கீல் நோட்டீஸ் போன இருபதாம் நாள் அந்தப் பணம் வந்தது. மீதி 31,000-ஐ வாராக் கடனில் எழுதினேன்.