எலியின் பயமும் பிரஷர் மாத்திரையும்

தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், கூட்டல் குறி வடிவில் ஒரு மேடை. அதன் நான்கு பலகைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு; மற்ற இரண்டும் திறந்தவெளி. நடுவில் ஓர் எலியை விட்டு 5 நிமிடம் கவனிக்கிறார்கள். பயந்த எலி சுவரோரமாக ஒண்டிக்கொள்ளும். மூக்கை மட்டும் நீட்டி மோந்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கும். பயம் தணிந்த எலியோ திறந்த பலகையின் விளிம்புவரை நடந்து, தலையைத் தொங்கவிட்டுக் கீழே எட்டிப் பார்க்கும்.

அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஹுவான் சாவேத்ரா குழுவினர் எலிகளுக்குக் காண்டசார்டன் என்ற பிரஷர் மாத்திரை மருந்தைக் கொடுத்து இந்தச் சோதனையை நடத்தினார்கள். அவை திறந்த பலகையில் கூடுதல் நேரம் உலாவின!

ரத்த அழுத்தத்துக்கும் பயத்துக்கும் என்ன உறவு? 1898இல் ஸ்டாக்ஹோமில் திகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து ரெனின் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். ஈரல் தரும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டுகிறது. இன்னொரு நொதி அதை மேலும் நறுக்க, 8 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 கிடைக்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுவது இந்த ஹார்மோன்தான். மூளையிலும் இதற்கு வேலை இருக்கிறது. ஹைப்போதலாமஸில் ஏடி1 என்ற ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, மன அழுத்த ஹார்மோன்களைக் கிளப்பிவிடுகிறது. காண்டசார்டன் அடைப்பது அந்த ஏற்பியைத்தான்.

அப்படியானால் இந்த ஹார்மோன் கெட்டதா? அவசரப்படக் கூடாது. இதற்கு ஏடி2 என்று இன்னொரு ஏற்பியும் உண்டு. மரபணு மாற்றத்தால் அது இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் கூடுதலாகப் பயந்தன. ஒரே ஹார்மோன்தான், எந்தக் கதவு வழியாக நுழைகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

இந்த ஹார்மோனை மனச்சோர்வோடும் இணைத்துப் பேசுகிறார்கள்; அந்த விஷயத்தில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. தப்ப வழியில்லாத நீர்த்தொட்டியில் சுண்டெலியை விட்டு, எவ்வளவு நேரம் நீந்தாமல் சும்மா மிதக்கிறது என்று பார்ப்பதே வழக்கமான சோதனை. ஆஞ்சியோடென்சினுக்கு மூலமான புரதம் இல்லாத சுண்டெலிகள் குறைவாகவே அப்படி மிதந்தன. ஆனால், மிதப்பது சோர்வா, சக்தியைச் சேமிக்கும் புத்திசாலித்தனமா? சுண்டெலியிடம் கேட்க முடியாதே.

மனிதர்களிடம் கதை வேறு. ஏடி1 ஏற்பியை அடைக்கும் இன்னொரு பிரஷர் மருந்தான லோசார்டன் சுண்டெலிகளின் பயத்தை விரைவில் ஆற்றியது. அதே மருந்தைக் கோர அனுபவங்களால் மனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10 வாரம் கொடுத்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: வெற்று மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை.

ஆகவே, மனப் படபடப்புக்காக வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.