கிணற்று நீரும் அமில-மூல நியமிப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே நீர் கொள்வது. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே எமது கிணறுகளை ஊட்டுகின்றது. அந்நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெண்படை படியாத வீடில்லை. அப்படை யாது, அஞ்சத்தக்கதா என்னும் வினாக்களை ஆராயப் பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் பயிலும் நியமிப்பு முறையே போதுமானது.

மண்ணினூடு இறங்கும் மழைநீர் காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகின்றது. இது கல்லிலுள்ள கல்சியம் காபனேற்றைக் கரையத்தக்க கல்சியம் இருகாபனேற்றாக மாற்றுகின்றது. காய்ச்சும்போது இம்மாற்றம் மறுதலையாக நிகழ்ந்து, காபனேற்று மீண்டும் படிகின்றது. கேத்தலின் வெண்படை இதுவே.

நீரிலுள்ள இருகாபனேற்று ஒரு மூலமாகையால், செறிவு தெரிந்த அமிலத்தைக் கொண்டு அதனை அளக்கலாம். முதலில் அமிலத்தின் செறிவை உறுதிசெய்தல் வேண்டும். ஐதரோக்குளோரிக்கமிலத்தை நிறுத்து நியமக் கரைசலாக்க இயலாது. எனவே, நீரற்ற சோடியம் காபனேற்று 0.265 கிராமை 250 மில்லிலீற்றர் கரைசலாக்குவர். இதன் செறிவு இலீற்றருக்கு 0.01 மூல். ஒரு மூல் காபனேற்று இரு மூல் அமிலத்துடன் தாக்கமுறும். ஆகவே இக்கரைசலின் 25 மில்லிலீற்றருக்கு 25 மில்லிலீற்றர் அமிலம் செலவாகுமாயின், அமிலத்தின் செறிவு 0.02 மூலாகும்.

அளவியை அமிலத்தாலும், குழாயியைக் கிணற்று நீராலும் அலசுதல் வேண்டும். கூம்புக் குடுவையையோ காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே அலசலாம். அதனைக் கிணற்று நீரால் அலசினால், அளக்கப்படாத நீர் எஞ்சி வாசிப்பு மிகும். காட்டியின் தெரிவும் முக்கியமானது. இந்நீரில் பினோத்தலின் பெரும்பாலும் தொடக்கத்திலேயே நிறமற்றிருக்கும்; அதை மட்டும் நம்புவோர் நீரில் மூலமே இல்லையெனப் பிழைபடுவர். மெதயில் செம்மஞ்சள் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளாக மாறும் இடமே இங்கு முடிவுப் புள்ளி.

எடுத்துக்காட்டாக, 50 மில்லிலீற்றர் நீருக்கு 15.0 மில்லிலீற்றர் அமிலம் செலவாயிற்று எனக் கொள்வோம். அமிலம் 0.0003 மூல், இருகாபனேற்றும் அதுவே. எனவே, ஓர் இலீற்றர் நீரில் 0.006 மூல் உண்டு. ஒரு மூல் கல்சியம் காபனேற்று இரு மூல் இருகாபனேற்றுக்குச் சமவலுவானது. அதன் மூலர்த் திணிவு 100 கிராம். ஆகவே காரத்தன்மை, கல்சியம் காபனேற்றாக, இலீற்றருக்கு 300 மில்லிகிராம். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர் எனின், அத்துளி 1 மில்லிகிராமைக் குறிக்கும். கடைசித் துளிகளில் பொறுமை வேண்டுவது இதனாலேயே.

இவ்வெண் சுண்ணாம்பைப் பற்றியது. நீரின் தூய்மைக்குச் சான்றிதழன்று. இந்த அளவுச் சுண்ணாம்பு கேத்தலைக் கெடுக்குமேயன்றி உடலுக்குத் தீங்கெனக் கொள்ளத்தக்கதன்று. ஆனால் அளவுமீறிய இறைப்பால் ஏறிவரும் கடலுப்பின் குளோரைட்டோ, தோட்டப் பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் கசியும் நைத்திரேற்றோ அமிலத்துடன் தாக்கமுறுவதில்லை; காட்டியின் நிறம் அவற்றை அறியாது. குளோரைட்டை வெள்ளி நைத்திரேற்றுக் கொண்டும், நைத்திரேற்றை வேறு முறைகளாலும் தனியே அளத்தல் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வகுத்த வழிகாட்டி அளவு இலீற்றருக்கு 50 மில்லிகிராம். வெங்காயமும் மிளகாயும் செறிந்து பயிராகும் வலிகாமத்துக் கிணறுகள் பல இதனை மீறியிருப்பதை 1980களிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகுந்த நைத்திரேற்று கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கவல்லது. காய்ச்சுவதால் சுண்ணாம்பு படியும், நைத்திரேற்று அகலாது, நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும்.

கண்ணுக்குத் தெரியும் வெண்படைக்கு அஞ்சி, தெரியாததை மறப்பது எம்மிடையே வழக்கமாயிற்று. ஒவ்வொரு பாடசாலையும் தன் சூழலிலுள்ள கிணறுகளை மாரியிலும் கோடையிலும் நியமித்துப் பதிவு செய்யலாம். அப்பதிவில் நைத்திரேற்றுக்கும் குளோரைட்டுக்கும் உரிய கட்டங்களை வெற்றிடமாகவேனும் வரைந்து வைத்தல் நன்று. அளக்கப்படாதது எது என்பதை அவ்வெற்றிடம் நினைவூட்டிக்கொண்டிருக்கும்.