சொன்னது யார்? ஆங்கிலம் எழுதும் பிள்ளைகளுக்கு இஸ்னாத் தரும் பாடம்

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் பஸ் ஏறிக் கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள், அசைன்மெண்ட்டையும் செமினார் பேப்பரையும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். இலக்கணப் பிழைக்கு அஞ்சும் அவர்கள், அடுத்தவர் சொல்லைப் பெயரின்றி எடுப்பதற்கு அஞ்சுவதில்லை. வாட்ஸ்அப்பில் அப்துல் கலாம் படத்தோடு வந்த ஒரு வரி, அவர் எங்கே சொன்னார் என்று யாரும் பார்க்காமலேயே கட்டுரையில் ஏறிவிடுகிறது.

சொல்லை அதற்குரியவரிடம் சேர்ப்பது ஓர் அமானிதம். தம் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவருக்கு நரகம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அந்த அச்சத்தில்தான் நம் முன்னோர் இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் வரிசையைப் பேணினார்கள்.

வினைச்சொல்லில்கூட அவர்கள் கவனமாக இருந்தார்கள். ஆதாரமான செய்திக்கு 'கால', அதாவது 'சொன்னார்கள்' என்று எழுதலாம். பலவீனமான செய்திக்கு 'ருவிய', அதாவது 'அறிவிக்கப்படுகிறது' என்றே எழுத வேண்டும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதை வலியுறுத்தியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்திலும் இதே நுட்பம் உண்டு. 'செட்' என்றால் சொன்னார், அவ்வளவுதான். 'க்ளெய்ம்ட்' என்றால் அவர் அப்படிச் சொல்கிறார், அது உறுதியாகவில்லை என்ற சாயல் வந்துவிடும். 'அட்மிட்டட்' என்றால் மறைத்ததை ஒப்புக்கொண்டார் என்றாகிவிடும். உறுதியில்லாத கூற்றுக்கு 'இஸ் செட் டு ஹேவ்' என்ற அமைப்பு இருக்கிறது. இவற்றை மாற்றி மாற்றிப் போடக் கூடாது.

சீனா சென்றாயினும் கல்வி தேடச் சொல்லும் பிரபலமான வாசகத்தை எடுத்துக்கொள்வோம். அதை பைஹகீ (ரஹ்) பலவீனமானது என்றார்கள். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் 'த ப்ராஃபெட் செட்' என்று எழுதினால், இலக்கணம் சரியாக இருந்தாலும் அந்தக் கூற்று தவறு.

பிள்ளைகள் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளட்டும். ஒருவரின் வார்த்தையை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் வைத்து, பெயர், நூல், ஆண்டு, பக்கம் தர வேண்டும். கருத்தை மட்டும் எடுத்துச் சொந்த வாக்கியத்தில் எழுதினால் மேற்கோள் குறி வேண்டாம். ஆனால் 'அக்கார்டிங் டு' என்றோ வேறு வகையிலோ உரியவர் பெயர் வர வேண்டும். மூல நூலைப் பார்க்காமல் இன்னொருவர் வழியாக எடுத்தால் 'சைட்டட் இன்' என்று அந்த இடையாளரையும் காட்ட வேண்டும். இடையாளரை மறைப்பதை ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்று குறை கூறுவார்கள்.

உலகிலும் இதற்குக் கணக்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்தியதையும் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அதே விதிமுறை, முறையாக உரியவரைக் குறிப்பிட்ட மேற்கோள்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் ஆங்கிலம் உங்களுக்குப் புரியாமல் போகலாம். "இதைச் சொன்னது யார்? எங்கே பார்த்தாய்?" என்ற இரண்டு கேள்விகளைத் தமிழிலேயே கேட்கலாம். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை திருடாமல் எழுதுகிறது என்று பொருள். சொல்லிலும் எழுத்திலும் அமானிதம் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக!