நொறுங்கிய கார், தப்பிய குடும்பம்

பனியில் சறுக்கி நொறுங்கிய காரின் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்குள்ள இருந்தா உயிரோட வந்தவை?" யாராவது ஒருவர் "முருகன்தான் காப்பாத்தினவர்" என்பார். அதை மறுக்க நான் ஆளில்லை. ஆனால் தேத்தண்ணி ஆறுவதற்குள், முருகனுக்குத் துணை நின்ற வேறு சிலரையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆள் பேலா பரேனி. மெர்சிடிஸ் நிறுவனத்துப் பொறியியலாளர். காரின் முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுவில் ஆட்கள் இருக்கும் கூடு மட்டும் நசுங்கக்கூடாது என்று கண்டவர். அதற்கு 1952இல் காப்புரிமையும் கிடைத்தது. மோதலின் சக்தியைத் தகரம் வாங்கிக்கொண்டால் உடம்புக்கு வருவது குறையும். படத்தில் முன்பக்கம் சப்பளிந்து கிடப்பதைப் பார்த்துப் பதறுகிறோமே, அங்கேதான் கார் தன் வேலையைச் செய்திருக்கிறது.

இரண்டாம் ஆள் வொல்வோவின் நில்ஸ் போலின். தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்தாற்போல் வரும் இன்றைய பெல்ற் அவர் வடிவமைத்து 1959இல் காருக்குள் வந்தது. கனடாவில் பெல்ற்றைச் சட்டமாக்கிய முதல் மாகாணம் ஒன்ராறியோ, 1976இல். ஆனாலும் எங்கள் ஆட்களுக்குப் பின்சீற் என்றால் சட்டமில்லாத நாடு. "வயிறு இறுக்குது" என்று அம்மம்மா கழற்றிவிடுவார். மோதும்போது பெல்ற் போடாத ஒருவர் முன்னால் இருப்பவர் மேல்தான் போய் விழுவார்; இரண்டு பேருக்குமே ஆபத்து. பெல்ற்றின் கீழ்ப்பட்டியை வயிற்றிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின் மேல் விட்டால் இறுக்கமும் தெரியாது, காயமும் குறையும்.

குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு இன்னொரு பொறி இருக்கிறது: தடித்த ஜக்கெற். அதன் மேல் பெல்ற்றை இறுக்கினால் இறுக்கம்போலத் தெரியும். மோதலில் ஜக்கெற்றின் பஞ்சு ஒரு நொடியில் அமுங்கிப் பெல்ற் தொளதொளத்துவிடும், பிள்ளை நழுவிவிடும். வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். ஜக்கெற்றோடு இருத்திப் பட்டியை இறுக்குங்கள்; பிறகு பட்டியின் நீளத்தை மாற்றாமல் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டிப் பாருங்கள். எவ்வளவு இடைவெளி என்று கண்ணாலேயே தெரியும். மெல்லிய உடுப்போடு இருத்தி, இறுக்கிப் பூட்டி, ஜக்கெற்றை மேலால் போர்த்திவிடுவதே சரி. கறிச்சட்டி, சோற்றுப் பானை, கோயில் அரிச்சனைத் தட்டு எல்லாம் டிக்கிக்குள் போகட்டும். பின்கண்ணாடித் தட்டில் வைத்தவை மோதலில் பறந்து வரும்.

இனி வீதிக்கு வருவோம். ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ஏறக்குறைய 540 கிலோமீற்றர். நத்தார் விடுமுறை, கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் 401 நெடுஞ்சாலையால்தான் போகிறோம். காய்ந்த தெருவில் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் கார் பிறேக் பிடித்தபின் நிற்க ஏறத்தாழ 55 மீற்றர் வேண்டும். இறுகிய பனியில் அதே கார் 150 முதல் 200 மீற்றர் வரை போகும். கண்ணாடிபோன்ற ஐஸ் என்றால் 400 மீற்றர்கூட ஆகலாம். வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் நாலில் ஒன்றாகும். மோதத்தான் போகிறது என்றாலும் இந்தக் கணக்கு உதவும்: 100இல் மோதுவதோடு ஒப்பிட்டால் 70இல் மோதும்போது வெளிப்படும் சக்தி பாதிதான். உயிர் தப்புவதில் பெரும் பங்கு அந்த முப்பதுக்கு உண்டு.

ஜீரோ பாகையை ஒட்டிய நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஐஸின் மேல் மெல்லிய ஈரம் இருப்பதால் வழுக்கல் அதிகம். கீழாலும் காற்று போவதால் பாலங்கள் முதலில் உறையும். கடுங்குளிரில், மைனஸ் 12க்குக் கீழே, தெருவில் போடும் உப்பும் சரியாக வேலை செய்யாது. ஏரிக்கரைப் பகுதிகளில் ஒரு கிலோமீற்றர் வெயிலாக இருக்கும், அடுத்ததில் கொட்டும் பனியில் முன்னால் போகும் லொறியே தெரியாது.

சாதாரண ரயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். விண்டர் ரயர் மென்மையாகவே இருந்து தெருவைப் பிடிக்கும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் பூட்டினால் காப்புறுதியில் கழிவு உண்டு. "என்ர கார் நாலு சில்லும் இழுக்கும்" என்பவருக்கு ஒரு வார்த்தை: அது கிளம்ப உதவும், நிற்க உதவாது.

சறுக்கத் தொடங்கினால் அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுங்கள். போக வேண்டிய பக்கம் பார்த்து ஸ்ரியறிங்கை மெதுவாகத் திருப்புங்கள். ஏபிஎஸ் உள்ள காரில் பிறேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரேயடியாக அழுத்திப் பிடியுங்கள். காலுக்கடியில் அதிர்வது பழுது அல்ல. உங்கள் கையில் இருப்பது அந்த இரண்டு மூன்று விநாடி மட்டுமே.

மோதி நின்றபின், பின்னால் வருபவருக்கும் அதே ஐஸ்தான். அதனால் கார் ஓடுமானால் ஓரத்துக்கோ வெளிவழிக்கோ எடுங்கள். ஓடாவிட்டால் நாலு விளக்கையும் மினுங்கவிட்டு, பெல்ற்றோடு உள்ளேயே இருந்து 911ஐ அழையுங்கள். தகரம் எவ்வளவு போனது என்று பார்க்க இறங்கி இரண்டு காருக்கு நடுவில் நிற்பதுதான் மிக ஆபத்து. புகையோ பெற்றோல் மணமோ வந்தால் மட்டும், வாகனங்கள் வராத பக்கத்தால் இறங்கி, பாதுகாப்பு வேலிக்கு அப்பால் போங்கள். நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாதுகாப்பான வேளையில் பார்த்துத் துப்புரவாக்கிய பிறகே எஞ்சினை இயக்குங்கள். அதுவும் மணிக்குப் பத்து நிமிடம், ஒரு கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காரின் பின்பக்கம் அடிபட்டிருந்தால் எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

"ஒண்டுமில்லை" என்று அன்று சொன்னவர்களுக்குக் கழுத்துநோ அடுத்த நாள்தான் எழும்பும். தலையிடி, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கும் முதியவர்களின் தலை இலேசாகத் தட்டுப்பட்டாலும் காட்ட வேண்டும். வயிற்றில் பெல்ற் தடம் கண்டியிருந்தாலும் அப்படித்தான்.

ஒன்ராறியோவில் பிழை யாருடையது என்றாலும் சிகிச்சைக்கான உதவி உங்கள் காப்புறுதியிலிருந்தே கிடைக்கும். ஏழு நாட்களுக்குள் அறிவித்துவிடுங்கள். பெரிதாக அடிபட்ட காரில் இருந்த பிள்ளைச் சீற்றைத் திரும்பப் பாவிக்காதீர்கள், வெடிப்பு வெளியே தெரியாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மிகப் பெரிய பாதுகாப்பு புறப்படாமல் இருப்பதுதான். கிளம்புமுன் 511இல் வீதி நிலவரத்தைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் மொன்றியலுக்கு ஒரு போன் போட்டு "நாளைக்கு வாறம்" என்று சொல்லிவிடுங்கள். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.