கோடைக்கானல் ஏரிக்கரையில் மூன்று நாள்: ஹேடோ தமிழர் போட வேண்டிய கணக்கு

ஹேடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பல் வந்து நின்றால், அந்தமான் தமிழர்களுக்குப் பாதி ஊர் வந்து சேர்ந்த மாதிரிதான். பெட்டி கட்டும்போதே, "இந்த முறையாவது பிள்ளைகளை நாலு இடம் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும்" என்று சொல்லாத குடும்பத் தலைவர் இல்லை. லீவு முடிந்து திரும்பி வந்தவரைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். "எங்கே ஐயா நேரம்? கல்யாணம் இரண்டு, காதுகுத்து ஒன்று, பாகப் பிரிவினைப் பேச்சு ஒன்று. லீவும் போச்சு, கையில் இருந்ததும் போச்சு."

இப்படிப் போகாமல் மூன்றே மூன்று நாளைக் குடும்பத்துக்கென்று ஒதுக்க முடியுமா? முடியும். அந்த மூன்று நாளில் ஒரு நாள் கோல்ப் மைதானத்தில் மட்டை பிடித்துப் பார்க்கவும் முயற்சி செய்யலாம்.

கோல்ப் என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும். "அண்ணே, அது துரைமார் ஆட்டம். நமக்கு எதுக்கு?" என்று துறைமுகத்துக் கலாசி கேட்பார். கேள்வி நியாயமானது. பதிலைக் கடைசியில் பார்ப்போம்.

துரை வெட்டிய ஏரி

மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை, 1863-இல் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுத் தேக்கியதுதான் கோடைக்கானல் ஏரி. நட்சத்திரம் போலக் கிளை விட்டுக் கிடக்கும் அது சுமார் 60 ஏக்கர் பரப்புள்ளது. சுற்றி வர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார் என்பார்கள். படகுக் கழகம் 1890-இல் ஏற்பட்டது. ஐந்து ஆண்டு கழித்து, 1895-இல், கோடைக்கானல் கோல்ப் கிளப் தொடங்கியது.

ஏரியும் கோல்ப் மைதானமும் அடுத்தடுத்து இல்லை. ஏரியிலிருந்து தூண் பாறை போகும் வழியில் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி மைதானம் இருக்கிறது. மேடும் பள்ளமுமாகப் பச்சைப் புல் விரித்த 18 குழி மைதானம் அது. சில வேளை காட்டு மாடுகளும் உள்ளே வந்து மேயும். பார்த்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். படம் பிடிக்கக் கிட்டப் போகக் கூடாது.

ஆட்டம் இவ்வளவுதான்

சிறிய கெட்டிப் பந்தை மட்டையால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். குழியின் வாய் நாலே கால் அங்குலம். இப்படி 18 குழி. மிகக் குறைந்த அடிகளில் முடித்தவர் வென்றவர். ஓட்டம் கிடையாது, ஆளோடு ஆள் மோதல் கிடையாது. நடை மட்டும் நிறைய. ஆட்டக்காரர் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பையைச் சுமந்து கூட வருபவருக்குக் கேடி என்று பெயர். நம் ஊர் வசவுச் சொல் அல்ல, ஆங்கிலப் பெயர்.

பிறந்த இடம் ஸ்காட்லாந்து. வில் பயிற்சிக்கு ஆள் வராமல் இந்த ஆட்டம் கெடுக்கிறது என்று 1457-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு இதைத் தடை செய்தது. ஆட்டம் நின்றபாடில்லை. இந்தியாவில் 1829-லேயே கல்கத்தாவில் கோல்ப் கிளப் ஏற்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது அதுதான்.

கப்பலை வைத்தே கணக்கு

கரையில் இருப்பவர் ரயிலை வைத்துத் திட்டம் போடுவார். தீவில் இருப்பவர் கப்பலை வைத்துத்தான் போட வேண்டும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குச் சுமார் 60 மணி நேரப் பயணம். காற்று, மழை என்றால் இன்னும் கூடும். எனவே கப்பல் சென்னை சேரும் அன்றே ரயில் டிக்கெட் எடுப்பது ஆபத்து. குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். திரும்பும்போது கப்பல் புறப்பட இரண்டு நாள் முன்னதாகவே சென்னையில் இருப்பது நல்லது. தீவுவாசி அடையாள அட்டையை மறக்கக் கூடாது. அது இருந்தால்தான் சலுகைக் கட்டணம்.

ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்கும். 2024 நவம்பர் 1 முதல் இந்த முறை. முன்பு 120 நாளாக இருந்தது. மதுரை செல்லும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் கோடைக்கானல் ரோடு நிலையத்தில் நிற்கும். ஸ்டேஷன் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலை அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். நேர் பஸ் இல்லாவிட்டால் வத்தலக்குண்டு போய் மாறிக்கொள்ளலாம்.

2024 மே 7 முதல், ஐகோர்ட்டு உத்தரவுப்படி, சொந்த வண்டியிலும் வாடகைக் காரிலும் கோடைக்கானல் செல்வோர் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. அரசு பஸ்ஸில் போகிறவருக்கு அது தேவையில்லை.

மாதத்தையும் யோசிக்க வேண்டும். ஏப்ரல், மே சீசன். கூட்டமும் அறை வாடகையும் ஏறி நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். ஜனவரியில் வாடகை இறங்கும், குளிர் ஏறும். தீவில் பிறந்து ஸ்வெட்டர் என்பதையே அறியாத பிள்ளைகளுக்குக் கம்பளித் துணி இல்லாமல் போகக் கூடாது.

பணத்துக்கு வழி

மத்திய அரசு விதிப்படி எல்.டி.சி. உள்ள குமாஸ்தாக்கள், நான்கு ஆண்டுக் கட்டத்தில் ஒரு முறை சொந்த ஊருக்குப் பதிலாக இந்தியாவில் வேறு எங்கும் போகலாம். 2026 முதல் 2029 வரை இப்போதைய கட்டம். போகும் இடத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பயணக் கட்டணம்தான் கிடைக்கும், அறைக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. அரசு பஸ் டிக்கெட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். தனியார் டாக்சிக்குப் பணம் வராது. எல்.டி.சி. எடுக்கும்போது 10 நாள் ஈட்டிய விடுப்பைக் காசாக்கலாம். அந்தப் பணத்தை அறை வாடகைக்கென்று தனியே வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மேஸ்திரி, டிரைவர், கூலித் தொழிலாளிக்கு இந்த வசதி இல்லை. அவர்களுக்குச் சீட்டுதான் வழி. கல்யாணச் சீட்டு, நகைச் சீட்டு போல, பயணத்துக்கென்று சிறிய சீட்டு ஒன்று போட்டு அதை வேறு எதற்கும் தொடாமல் இருக்க வேண்டும். தொடாமல் இருப்பதுதான் கடினம்.

கோல்ப் ஆடிப் பார்க்க விரும்புகிறவர் இரண்டு மாதம் முன்பே கிளப் செயலாளருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். வெளியாருக்கு அனுமதி எந்த நாள்? கட்டணம் எவ்வளவு? மட்டை வாடகைக்கு உண்டா? கற்றுக் கொடுக்க ஆள் உண்டா? குடும்பத்தார் உள்ளே உட்காரலாமா? பதில் வந்த பிறகே போக வேண்டும். பெரும்பாலான கிளப்புகளில் காலர் வைத்த சட்டையும் ஷூவும் கட்டாயம். அனுமதி இல்லை என்று பதில் வந்தாலும் பயணம் கெட்டுப் போகாது. ஏரியைச் சுற்றி நடக்கவும் தூண் பாறையைப் பார்க்கவும் யாரிடமும் சிபாரிசு வேண்டாம்.

மலை முதலில், ஊர் பிறகு

இந்தக் கணக்கில் முக்கியமான இடம் இதுதான். "ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மலைக்குப் போகலாம்" என்று வைத்தவர்கள் பெரும்பாலும் போனதில்லை. ஊரில் கால் வைத்த பிறகு லீவு நாள் நம்முடையது அல்ல. மொய் எழுதியே கைப்பணம் கரையும்.

மலையை முதலில் வைத்தாலோ வேறு சங்கடம். "இரண்டு வருஷம் கழித்து வந்தவன், பெற்றவளைப் பார்க்காமல் மலைக்குப் போனானாம்" என்று ஊர் பேசும். ஊர் பேச்சைத் தள்ளிவிடலாம். வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் தாயின் மனசைத் தள்ள முடியாது.

ஹேடோவில் அலுவலக வேலை பார்க்கும் ஒருவர் இதற்கு வழி கண்டார். மதுரைப் பக்கத்துக்காரர். மலைக்குப் போகிற நாளை அம்மாவுக்குத் தெரிவித்து, தம்பியோடு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். "எனக்கு எதுக்குப்பா மலை? வீட்டுக்கு வாங்க, ஆக்கிப் போடுறேன்" என்றார் அம்மா. "ஆக்கிப் போட்டது போதும்மா. மூணு நாள் சும்மா உட்காரு" என்றார் மகன். அம்மா வந்தார். அறுபது வயதைத் தாண்டி, அடுப்படி இல்லாமல் கழிந்த முதல் மூன்று நாள் அது என்று பிறகு சொன்னாராம். ஊரிலும் யாரும் ஒன்றும் பேசவில்லை.

முப்பது நாள் லீவு என்றால், கப்பலுக்கும் காத்திருப்புக்கும் பத்து நாள், மலைக்கு மூன்று நாள், மீதி எல்லாம் ஊருக்கு. மூன்று நாளை எடுப்பதால் உறவு அறுந்து விடாது.

துரை ஆட்டமா?

இப்போது கலாசியின் கேள்விக்கு வரலாம். மோட்டார் சாலை வருமுன் துரைமாரையும் துரைசானிகளையும் டோலியில் வைத்து மலைக்குத் தூக்கிச் சென்றவர்கள் நம் கூலிகள். கோல்ப் மைதானங்களில் புல் வெட்டியதும் பை சுமந்ததும் இந்நாட்டு ஏழைகளே. அவர்களிலிருந்தே வீரர்களும் வந்தார்கள். டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர். கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன் சௌராசியா 2008-இல் டில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இல் இந்திய ஓப்பனை வென்றார்.

பை சுமந்தவர் பட்டம் வாங்கிய ஆட்டம் இது. கட்டணம் கட்டி, ஒரு காலை நேரம் மட்டை பிடித்துப் பார்க்க ஹேடோ குமாஸ்தாவோ கலாசியோ கூச வேண்டியதில்லை. பந்து குழியில் விழாவிட்டாலும் குறைவு ஒன்றும் இல்லை. அப்பா சிரித்துக்கொண்டு விளையாடியதைப் பிள்ளைகள் பார்த்தார்கள் என்பதே அந்த நாளின் வரவு. லீவு மனு எழுதும் அன்றே அந்த மூன்று நாளையும் காலண்டரில் வட்டமிட்டு வைத்துவிடுங்கள்.