மூங்கில் கழியும் முன்யோசனையும்

நெடுந்தொலைப் பயணம் ஒன்று முடிவாகிவிட்டால், நம் இல்லங்களில் முதலில் எழும் கேள்வி எவற்றையெல்லாம் எடுத்துச் செல்வது என்பதே. கட்டுச்சோறு என்ன, போர்வை எத்தனை, எந்த ஊரில் எதைப் பார்ப்பது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். செல்லவிருக்கும் வழி எத்தகையது, நம் வண்டி அதற்கு ஏற்றதா, உடன் வருவோருள் வலுவில்லாதவர் அதனைத் தாங்குவாரா என்னும் கேள்விகள் பின்னரே எழும்; சில இல்லங்களில் எழுவதே இல்லை. சமவெளிச் சாலையில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. வண்டி நின்றால் பழுது பார்ப்பவர் கிடைப்பார். தாகம் எடுத்தால் தேநீர்க் கடை இருக்கும். பாலைவனமும் மலைக்கணவாயும் அத்தகைய தயவு காட்டுவதில்லை. வீட்டில் செய்ய மறந்த ஒன்றிற்கு அங்கே வழியில் பரிகாரம் இல்லை.

இவ்வுண்மையை விளக்க ஒரு வரலாற்று நிகழ்ச்சி உண்டு. மோட்டார் வண்டி இன்னும் தவழும் பருவத்தில் இருந்த 1907-ஆம் ஆண்டில், சீனத்தின் பீக்கிங் நகரிலிருந்து (இன்றைய பெய்ஜிங்) பிரான்சின் பாரிஸ் நகர் வரை ஐந்து வண்டிகள் புறப்பட்டன. அனைவருக்கும் ஒரே மலை, ஒரே பாலை. எனினும் ஒருவர் புகழுடன் ஊர் சேர்ந்தார். வேறொருவர் பாலைமணலில் சாவின் விளிம்பைக் கண்டு திரும்பினார். இவ்வேற்றுமை எங்கே பிறந்தது என்பதே நாம் சிந்திக்கத்தக்கது.

நாளிதழ் விடுத்த அறைகூவல்

1907 ஜனவரி 31 அன்று, பாரிஸ் நகரின் 'லெ மத்தேன்' என்னும் நாளிதழ் ஓர் அறைகூவல் விடுத்தது. பாரிசுக்கும் பீக்கிங்குக்கும் இடையே காரில் பயணம் செய்ய எவரேனும் முன்வருவரா என்பதே அது. ஏறத்தாழ நாற்பது பேர் பெயர் கொடுத்தனர். ஆயினும் வண்டியைக் கப்பலேற்றிச் சீனம் வரை கொண்டு சேர்த்தவர்கள் ஐவரே. வடசீனத்தின் கோடை மழைக்கு முன்பே மலைகளைக் கடந்துவிட வேண்டும் என்று கருதி, பயணத்தின் தொடக்கத்தைப் பீக்கிங்குக்கு மாற்றினர். காலத்தை அறிந்து புறப்படுதல் திட்டத்தின் முதற்படி என்பதை இதனால் அறிகிறோம்.

தொலைவு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். பீக்கிங்கின் வடக்கே செங்குத்தான மலைகள். அவற்றுக்கு அப்பால் கோபிப் பாலைவனம். பின்னர் சைபீரியாவின் சேறும் காடும். அதன்பின் யூரல் மலைகள். கார் செல்லத்தக்க சாலை என்று சொல்ல இவ்வழியின் பெரும்பகுதியில் ஒன்றுமில்லை. ஒட்டகங்களும் மாட்டு வண்டிகளும் சென்ற தடத்தையும், தந்திக் கம்பங்களின் வரிசையையும் பின்பற்றியே அவர்கள் செல்ல வேண்டியிருந்தது.

கழியோடு சென்ற பிரபு

ஐவருள் ஒருவர் இத்தாலிய இளவரசர் ஷிப்பியோனே போர்கேசே. பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பரைத் திருச்சபைக்கு அளித்த போர்கேசே குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆசியாவில் முன்னரே நெடும்பயணம் செய்தவர். அவருடைய 'இத்தாலா' என்னும் கார், போட்டியிட்ட வண்டிகள் அனைத்திலும் ஆற்றல் மிக்கது. ஆயினும் அவர் வண்டியின் ஆற்றலை மட்டும் நம்பிவிடவில்லை.

புறப்படும் நாளுக்கு முன்பே, தம் மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு, பீக்கிங்கிற்கு வடக்கேயுள்ள மலைவழியைக் குதிரைமீது சென்று பார்வையிட்டார். அப்போது அவர் கையில் இருந்தது ஒரு மூங்கில் கழி. தம் காரின் அகலம் எவ்வளவோ அவ்வளவு நீளத்திற்கு அதனை வெட்டி வைத்திருந்தார். பாறைகளுக்கு இடையே வழி குறுகும் இடந்தோறும் கழியைக் குறுக்கே வைத்துப் பார்ப்பார். கழி நுழைந்தால் காரும் நுழையும். நுழையாவிடில் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். இதைவிட எளிய கருவி வேறில்லை. இதைவிடச் சிறந்த கருவியும் அவ்விடத்திற்கு வேறில்லை.

எரிபொருளுக்கும் முன்னேற்பாடு நடந்தது. ஒட்டகங்களின்மீது பெட்ரோலை ஏற்றி முன்கூட்டியே அனுப்பி, வழியில் குறித்த இடங்களில் சேமித்து வைத்தனர். போர்கேசேயுடன் சென்றவர் இருவர். ஒருவர் லூயிஜி பார்ட்சினி என்னும் இத்தாலியப் பத்திரிகையாளர். மற்றவர் எத்தோரே குயித்சார்தி என்னும் இளம் மெக்கானிக். தந்தையை ரயில் விபத்தில் இழந்த இவ்விளைஞரைப் போர்கேசே குடும்பத்தினர் ஆதரித்துத் தொழில் பயிலச் செய்திருந்தனர். பயணத்தில் காரைப் பெரும்பகுதி ஓட்டியவரும், அதனைப் பழுது பார்த்தவரும் அவரே.

மலையும் பாலையும்

1907 ஜூன் 10 அன்று ஐந்து வண்டிகளும் பீக்கிங்கை விட்டுப் புறப்பட்டன. மலைகளில் ஏறும்போது கார்கள் தம் ஆற்றலால் ஏறவில்லை என்பதே உண்மை. இத்தாலாவின் மேற்கூட்டைக் கழற்றி எடை குறைத்து, ஆட்களும் கோவேறு கழுதைகளும் கயிறு கட்டி இழுத்தே அதனைக் கணவாய்க்கு அப்பால் சேர்த்தனர். முன்னரே வழியைப் பார்த்திருந்தமையால் இவ்வேற்பாடு போர்கேசேக்கு ஆயத்தமாக இருந்தது.

மலைக்கு அப்பால் கோபி. அதன் தனிமையை உணர்த்த ஒரு சிறு செய்தி போதும். பாலையின் நடுவே இருந்த தந்தி நிலையம் ஒன்றில் பார்ட்சினி தம் பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தார். ஊழியர் அத்தந்திக்கு 'ஒன்று' என்று எண்ணிட்டார். அன்றைய நாளின் முதல் தந்தி போலும் என்று பார்ட்சினி எண்ணினார். விசாரித்தபோதுதான், அந்நிலையம் திறந்து ஆண்டுகள் பல ஆகியும், அங்கிருந்து சென்ற முதல் தந்தியே அதுதான் என்பது தெரிய வந்தது. இத்தகைய வெளியில் வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்நிலை ஒருவருக்கு வந்தது. பிரான்சு நாட்டு ஒகுஸ்த் பொன்ஸ் ஓட்டி வந்தது 'கோந்தால்' என்னும் மூன்று சக்கர வண்டி. அதன் ஆற்றல் ஆறு குதிரைத்திறன் மட்டுமே. நகர வீதிக்கு அது ஏற்றது, கோபிக்கு ஏற்றதன்று. எரிபொருள் தீர்ந்து, அவரும் அவருடைய துணைவரும் மணல்வெளியில் தனித்து விடப்பட்டனர். அவர்களைக் காப்பாற்றியது உடன் போட்டியிட்ட கார் எதுவுமன்று; அவ்வழியே வந்த மங்கோலிய நாடோடி மக்களே அவர்களைக் கண்டெடுத்து உயிர் காத்தனர். வண்டியோ பாலையிலேயே கிடந்தது. எவரும் அதனை மீட்கவில்லை.

பொன்ஸுக்கு அப்போது ஒன்பது வயது மகள் ஒருத்தி இருந்தாள். அச்சிறுமியே பிற்காலத்தில், 1931 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரங்கில் பாடி உலகப் புகழ் பெற்ற லிலி பொன்ஸ். கடந்து சென்ற நாடோடிகள் சற்று விலகிச் சென்றிருந்தால், அக்குழந்தை தந்தையற்றவளாகியிருப்பாள்.

பொன்ஸ் அறிவிலியோ கோழையோ அல்லர். துணிவில் அவர் எவர்க்கும் இளைத்தவருமல்லர். தம் வண்டியின் அளவைக் கொண்டு வழியை அளக்காமல், ஆவலின் அளவைக் கொண்டு அளந்தார். அவருக்கு நேர்ந்த பிழை அதுவே. ஆயினும் பழி அவர்மேல் மட்டும் சாராது. முதலில் ஊர் சேர்பவரே வெற்றியாளர் என்பதைத் தவிர அப்போட்டிக்கு வேறு விதி இல்லை. எல்லாரினும் மெலிந்த வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கும் கடமை எவருக்கும் வகுக்கப்படவில்லை. எவருக்கும் வகுக்காத கடமையை எவரும் செய்வதில்லை.

எதிர்பாராததற்கும் இடம்

போர்கேசேயின் பயணமும் இடரின்றி நடந்துவிடவில்லை. சைபீரிய ரயில்பாதை வந்த பிறகு பழைய தபால் சாலையும் அதன் மரப்பாலங்களும் பராமரிப்பின்றிச் சிதைந்திருந்தன. பைக்கால் ஏரிப் பகுதியில் அனுமதி பெற்று ரயில் தண்டவாளத்தின்மீதே காரை ஓட்டிச் சென்றனர். அப்பகுதியில் ஒரு மரப்பாலம் முறிந்து, கார் பின்புறமாகக் கீழே விழுந்தது. நல்ல வேளையாக மூவரும் உயிர் தப்பினர். யூரல் மலைப்பகுதியில் மரச்சக்கரம் ஒன்று உடைந்தபோது, சிற்றூர்த் தச்சர் ஒருவர் கோடரியைக் கொண்டே அதனைச் செப்பனிட்டுத் தந்தார்.

இவற்றையெல்லாம் எவரும் முன்னரே அறிந்திருக்க இயலாது. ஆனால் அறியக்கூடியவற்றையெல்லாம் முன்பே சிந்தித்து முடித்திருந்தமையால், அறிய இயலாதது வந்தபோது அதனை எதிர்கொள்ளப் போர்கேசேக்கு நேரமும் பொருளும் மன அமைதியும் எஞ்சியிருந்தன. மாறாக, 'ஸ்பைக்கர்' காரை ஓட்டிய சார்ல் கொதார் கையில் பணமின்றியே புறப்பட்டவர். வழியெல்லாம் பிறரிடம் பெட்ரோல் கேட்டுச் சென்ற அவர், பயணத்தின் முடிவில் மோசடிக் குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டார். அவர் திறமை வாய்ந்த ஓட்டுநர். எனினும் திறமை எரிபொருளுக்கு ஈடாகவில்லை.

போர்கேசே, மாஸ்கோவிலிருந்து வழி விலகிப் பீட்டர்ஸ்பர்க் சென்று விருந்துண்டும், 1907 ஆகஸ்ட் 10 அன்று முதல்வராகப் பாரிஸ் சேர்ந்தார். மற்ற மூன்று கார்கள் வந்து சேர மேலும் இருபது நாள்கள் ஆயின. அந்த இத்தாலா கார் இன்றும் இத்தாலியின் தூரின் நகர மோட்டார் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இன்று புறப்படுவோர்க்கு

இன்று சாலைகள் உள்ளன, வண்டிகள் வலுப்பெற்றுள்ளன. ஆயினும் பாலையின் வெப்பமும் மலையின் உயரமும் 1907-இல் இருந்தவையே. குடும்பத்தோடு அத்தகைய வழியில் செல்ல எண்ணுவோர் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம்.

பாலைவழியில் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிநீர் வேண்டும். அதற்குமேல் ஒரு நாளைக்குரிய நீர் இருப்பாக இருத்தல் வேண்டும். எரிபொருள் பாதியாகக் குறைந்தவுடன் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த நிலையம் திறந்திருக்கும் என்று நம்பிச் செல்லாதீர்கள். வண்டி நின்றுவிட்டால் அதனை விட்டு நடந்து செல்லலாகாது. வண்டி நிழல் தரும். தேடி வருவோர் கண்ணுக்கு மனிதனைவிட எளிதில் தென்படும்.

மலையில் உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்திற்கும் தன் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. மனித உடலும் அவ்வாறே தளர்கிறது. ஆகவே 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பது நன்று. எவருக்கேனும் தலைவலியும் வாந்தியும் கண்டால் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். நோய் முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும். சரிவில் இறங்கும்போது பிரேக்கையே அழுத்திக்கொண்டிராமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். சூடேறிய பிரேக் உற்ற நேரத்தில் கைவிடும்.

செல்லும் வழி, தங்கும் ஊர், சேரும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். கைப்பேசி அலை எட்டாத இடங்கள் இன்றும் உண்டு. சொன்ன நாளில் செய்தி வராவிடில் எங்கே தேடுவது என்று அறிந்தவர் ஒருவரேனும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, புறப்படுமுன் ஒரு மாலை குடும்பத்தினர் அனைவரும் நிலப்படத்தைச் சுற்றி அமருங்கள். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை ஓட்டுபவரின் உற்சாகத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். முழங்கால் நோகும் பாட்டியும், வளைவுகளில் வாந்தி எடுக்கும் குழந்தையும் எவ்வளவு தாங்குவர் என்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு வண்டிகளில் செல்வோர், மெல்லச் செல்லும் வண்டியை முன்னே விடுங்கள். பின்னே வருவோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

போர்கேசேயின் கழி காரின் அகலத்தை அளந்தது. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. குடும்பமாகப் புறப்படும் நமக்கோ அது போதாது. நம்மில் மிக மெலிந்தவரின் அளவுக்கு நம் கழியை வெட்டுவோம். அது நுழையும் வழியில் அனைவரும் நுழையலாம். அனைவரும் நலமாய் வீடு திரும்பலாம்.